மேல் வீட்டில் பொங்கிய பால்

ஹட்டனில் இப்போது வீடு வாடகைக்கு எடுத்துக் கொடுக்கிற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிற என்னையும் கேட்காமல் அதில் சேர்த்துவிட்டார்கள். காலையில் போனைத் திறந்தால் நாற்பது குளியலறைப் படங்கள் வந்து கிடக்கின்றன. போன மாதம் அந்தக் குரூப்பை நடத்துகிறவர், வாடகை வீடுகளைத் திறமையாக முகாமை செய்வதற்கு ஐந்து குறிப்புகள் எழுதித் தரும்படி கேட்டார். சின்னதாக இருந்தால் போதுமாம். முப்பது வருடத்தை ஐந்து வரியாகச் சுருக்கச் சொன்னதில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் மரியாதையாகக் கேட்டுவிட்டாரே என்று உட்கார்ந்தேன். முதல் குறிப்பே நான்கு பக்கம் போனது. அதனால் குறிப்பை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன். வேண்டுமானால் அவரே சுருக்கிக்கொள்ளட்டும்.

நான் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒற்றை அறைக் காம்பராக்களை வரிசையாகக் கட்டிய லயத்தில் பிறந்தவள். சாதாரணதரப் பரீட்சை பாஸ் பண்ணி, தட்டச்சு பழகி, வேலை தேடி ஹட்டனுக்கு வந்தேன். அங்கே ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல் மாடியில் மருதமுத்து முதலாளியின் வீட்டு வாடகை அலுவலகம் இருந்தது. என் கையெழுத்தைப் பார்த்தார், மறுநாள் வரச் சொன்னார். நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

முதலாளி தரகுத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டத்தை விட்டு வந்தாரே தவிர, காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு எண்ணுகிற தோட்டத்துப் பெரட்டை விடவில்லை. தினமும் காலை ஏழரைக்கு அலுவலகத்தில் பெரட்டு நடக்கும். இருந்தது நானும் அவரும்தான். அவருக்கு நேர் எதிரே நான் நின்றுகொண்டிருப்பேன். அவர் வரவுக் கொப்பியைத் திறந்து, கண்ணாடியைப் போட்டு, "ராஜேஸ்வரி" என்று கூப்பிடுவார். "இருக்கேங்க" என்று நான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சாவிகளுக்குப் பெரட்டு. ஒவ்வொரு வீட்டின் பெயராக அவர் கூப்பிட, நான் அந்தச் சாவியைத் தூக்கிக் காட்டுவேன். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு அடங்காது. ஒருநாள் சிரித்தேவிட்டேன். அன்றைக்குத்தான் அவருடைய கோபம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். முதலாளி கோபத்தில் கத்த மாட்டார், மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவார். சாதாரண நாளில் நான் "வா புள்ள, போ புள்ள". கோபம் வந்துவிட்டால் "மேடம்".

வருஷம் பூராவும் கம்பளிக் குல்லா போட்டிருப்பார். அந்தக் குல்லாவுக்குள் சில சட்டங்கள் இருந்தன. முதல் சட்டம், வீட்டை மழையில்தான் காட்ட வேண்டும். வெயில் அடிக்கிற நாளில் யாராவது வீடு பார்க்க வந்தால், சாவி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். சாவி என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

"வெயில்ல எந்த வீட்டக் காட்டுனாலும் புடிக்கும் புள்ள. மழையில புடிச்சவன்தான் நெலச்சு இருப்பான்" என்பார். நான் சொட்டச் சொட்ட நனைந்து காட்டிய வீடுகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் ஒழுகுது, ஓதம் அடிக்குது என்று பிறகு சண்டைக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. எல்லாவற்றையும் முதல் நாளே பார்த்துவிட்டுத்தானே வந்தார்கள்.

இரண்டாவது சட்டம், குடிவருகிறவர்கள் இப்போது இருக்கிற இடத்தை அவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சம்பளச் சிட்டை, கடிதம், சிபாரிசு எதையும் திரும்பிப் பார்க்க மாட்டார். நேரே குசினிக்குள், அடுப்படி வரைக்கும் நுழைந்து, ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு வருவார். மூன்றாவது, வீட்டில் உள்ளதை எல்லாம் பட்டியல் எழுதி, அதைக் குடிவருகிறவருக்கு முன் சத்தமாக வாசிப்பது. "பைப் மூணு. ஒண்ணு ஒழுகுது. ஜன்னல் கண்ணாடி பதினாலு. ஒண்ணு வெடிப்பு, மூலையில." கோவிலில் மந்திரம் கேட்கிற மாதிரி எல்லாரும் கை கட்டி நின்று கேட்போம்.

இன்னொன்றும் உண்டு, ஆனால் அது முதலாளியின் சட்டம் இல்லை, எங்கள் சனங்களுடைய சட்டம். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். அந்த இரண்டு மாதமும் நாங்கள் சாவிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தை பிறந்ததும் எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வீடு வேண்டும். முகூர்த்த நாள் என்றால் காலை ஆறுக்கும் ஏழரைக்கும் இடையில் நான்கு குடும்பம் நான்கு வீட்டில் பால் காய்ச்சும். நான்கு கதவையும் நாங்கள் இரண்டு பேரும்தான் ஓடி ஓடித் திறக்க வேண்டும். அப்படி ஒரு தை மாதக் காலையில்தான் நான் அந்தப் பெரும் தப்பைச் செய்தேன். அப்போது வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. புதிதாக வந்தவள் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

டவுனுக்கு மேலே, சரிவில், ஒரே மாதிரி இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று மேல் வீடு, மற்றது கீழ் வீடு. அதே அறைகள், அதே குசினி, அதே பச்சைக் கதவு. வித்தியாசம் என்னவென்றால், மேல் வீட்டில் வெயில் விழும், சுவர் காய்ந்திருக்கும். கீழ் வீட்டின் பின் சுவர் மண் மேட்டோடு ஒட்டிக்கொண்டு வருஷத்தில் எட்டு மாதம் அழுதுகொண்டிருக்கும். இரண்டுக்கும் சொந்தக்காரர் கொழும்பில் இருந்த ஒரு அம்மா. மேல் வீட்டை அரசாங்க உத்தியோகத்தருக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும், தோட்டத்து ஆட்கள் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் மட்டும் இல்லை, டவுனில் வீடு வைத்திருந்த பலரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வார்கள், நான் கொப்பியில் எழுதிக்கொள்வேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? "தோட்டத்து ஆட்கள் வேண்டாம்" என்பதை அந்த நல்ல கையெழுத்தில் பதினெட்டு வருடம் எழுதியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கீழ் வீட்டை எடுத்தவர் வசந்தா. லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். புருஷன் ஓட்டோ ஓட்டுகிறார். மகளுக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஹட்டனில் இடம் கிடைத்திருந்தது. அவர்கள் லயத்திலிருந்து தினமும் பஸ்ஸைப் பிடித்து வந்து போனால் பிள்ளை படித்த மாதிரித்தான். அதனால் டவுனில் வீடு தேடினார்கள். ஏழு இடத்தில் இல்லை என்று சொல்லி, எட்டாவதாகக் கிடைத்தது அந்த அழுகிற வீடு. முதலாளி லயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாத்திரத்துல மொகம் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். மேல் வீட்டை யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த சிவபாதம் மாஸ்டர் எடுத்திருந்தார். கணிதம் படிப்பிக்கிறவர். அவர்கள் வசந்தா குடும்பத்துக்கு மறுநாள் பால் காய்ச்சுவதாக ஏற்பாடு.

வசந்தா வீட்டு முகூர்த்தம் ஆறு பத்துக்கு. நான் எப்போதும் கீழ் ரோட்டிலிருந்து படியேறித்தான் அந்த வீடுகளுக்குப் போவேன். முதலில் வருகிற கதவு கீழ் வீடு. பதினெட்டு வருடமாக என் கால் பழகிய கணக்கு அது. அன்றைக்குக் கீழ் ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் எங்களை ஏற்றிக்கொண்டு வசந்தா புருஷனின் ஓட்டோ மேல் ரோட்டால் போனது. பனி என்றால் அப்படி ஒரு பனி, நீட்டிய கை தெரியவில்லை. எனக்கு ஏழு மணிக்கு டவுனின் மற்றப் பக்கத்தில் இன்னொரு பால். மேலே இருந்து படி இறங்கினோம். முதலில் வந்த பச்சைக் கதவின் பூட்டில் சாவியைப் போட்டேன். அது சட்டென்று திறந்துகொண்டது.

திறக்காமல் என்ன செய்யும்? இரண்டு பூட்டும் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருந்த ஹார்ட்வெயாரில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை. ஒரு சாவி மற்றதையும் திறக்கும் என்பது சாவிகளுக்கே பெரட்டு வைத்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

உப்பு, மஞ்சள், சாமி படம் எல்லாம் உள்ளே போயின. புதுப் பானையில் பால் வைத்தார்கள். கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது. வசந்தா கையெடுத்துக் கும்பிட்டார், மகள் கும்பிட்டாள், ஓட்டோக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சந்தோஷத்தில் குசினி ஜன்னலைத் திறந்தேன். பனி விலகிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு தகரக் கூரை தெரிந்தது. கீழ் வீட்டுக்குக் கீழே கூரை கிடையாது, முட்டைக்கோசுத் தோட்டம்தான் உண்டு. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. நான் திறந்துவிட்டது மேல் வீடு.

யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அலுவலகத்துக்கு ஓடினேன். என்னைக் காணவில்லை என்று முதலாளி ஏழு மணி வீட்டுக்குத் தானே போய்க் கதவைத் திறந்துவிட்டு வந்து, குல்லாவோடு உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கொப்பியை மெதுவாக மூடினார்.

"மேடம், வாங்க போவோம்" என்றார்.

நாங்கள் போனபோது வசந்தா வாசல் தெளித்துக் கோலமும் போட்டு முடித்திருந்தார். முதலாளியைக் கண்டதும் ஓடி வந்து ஒரு டம்ளரில் சீனி போட்ட பாலைக் கையில் கொடுத்துவிட்டார். அதை வாங்கிய பிறகுதான் முதலாளிக்கு விஷயம் உறைத்தது. குடித்தால் குடிபுகுதலுக்கு அவரே ஆசீர்வாதம் செய்த மாதிரி ஆகிவிடும். கீழே வைத்தால் கொடுத்தவருக்கு அவமானம். டம்ளரைப் பிடித்தபடி, குடிக்கவும் இல்லாமல் வைக்கவும் இல்லாமல், நின்றபடியே பேச ஆரம்பித்தார். வீடு மாறிவிட்டது, தப்பு எங்களுடையது, கீழே இறங்க வேண்டும், மறுபடி காய்ச்சுவதற்குப் பாலும் பானையும் எங்கள் செலவு என்று வரிசையாகச் சொன்னார். வசந்தா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஐயா, எங்கம்மா, அவங்கம்மா, நானு, இந்தப் புள்ள, எல்லாரும் ஒரே காம்பராவுலதாங்க பொறந்தோம்" என்றார். "அது தோட்டத்துல குடுத்தது. யாரும் பாத்து, புடிச்சு, பால் காய்ச்சிக் குடிபோன எடமில்ல. எங்க குடும்பத்துல ஒரு வீட்டுல பால் காய்ச்சுனது இதாங்க மொத தடவ. அதையும் தப்பான வீட்டுல காய்ச்சிட்டோம்னு சொன்னா நான் எப்படிங்க எறங்குவேன்?"

"கீழ மறுபடி காய்ச்சலாம்மா."

"ரெண்டாவது தடவ காய்ச்சுனா அது வெறும் பால்தானுங்களே."

முதலாளி டம்ளரைப் பார்த்தார். பாலில் ஆடை படிந்திருந்தது. ஓட்டோக்காரர் மெதுவாக முன்னால் வந்து, மேல் வீட்டு வாடகையையே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். இரவில் இன்னும் கொஞ்சம் கூட ஓடுவாராம். முதலாளி அந்த ஆறிப்போன பாலை, ஆடையோடு, ஒரே மூச்சில் குடித்து முடித்தார். மீசையில் ஒட்டிய ஆடையைத் துடைத்துக்கொண்டு, "பட்டியல வாசிக்கணும். பைப்பத் தொறந்து காட்டுங்க மேடம்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஆனால் பால் குடித்ததோடு எதுவும் முடிந்துவிடவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குச் சிவபாதம் மாஸ்டரும் மனைவியும் சாமான் லொறியோடு அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். ஒருநாள் முந்தியே வந்துவிட்டார்கள். முதலாளி பொய் சொல்லத் தெரியாத ஆள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மாஸ்டர் ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் விரித்தார். கையெழுத்து, திகதி, பிரிவு இலக்கம் என்று கரும்பலகையில் கணக்குச் செய்கிற மாதிரி படிப்படியாக விளக்கி, முடிவாக அந்த வீடு தனக்குத்தான் சேரும் என்று நிறுவினார். அதில் ஒரு பிழையும் இல்லை. நான் மனதுக்குள் வசந்தாவின் மூட்டைகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். அப்போது அதுவரை பேசாமல் இருந்த மாஸ்டரின் மனைவி வாயைத் திறந்தார்.

"பால் பொங்கினதோ?" என்று என்னிடம் கேட்டார்.

"பொங்குச்சுங்க. கெழக்குப் பக்கமா."

"இஞ்சேருங்கோ" என்று புருஷனின் பக்கம் திரும்பினார். "வேற ஆக்கள் பால் காய்ச்சின வீட்டுக்குள்ள நான் கால் வைக்கமாட்டன்."

மாஸ்டர் விடவில்லை. சட்டப்படி அந்தப் பாலுக்கு எந்த அந்தஸ்தும் இல்லை என்று விளக்கினார். மனைவி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்கள் மட்டும் போய் இருங்கோ, நான் பின்னேர ரயிலிலை ஊருக்குப் போறன்" என்றார். மாஸ்டர் ஒப்பந்தத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மேசைக்கு இந்தப் பக்கத்தில் முதலாளி இரண்டு கையாலும் குல்லாவைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் சிரிப்பை மறைத்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அன்று பின்னேரமே ஸ்டேசன் பக்கத்தில் ஒரு வீட்டைக் காட்டினோம். நல்ல வேளை, மழையும் பெய்தது. மாஸ்டர் குடும்பம் ஆறு வருடம் அந்த வீட்டில் இருந்தது.

மிச்சம் இருந்தது கொழும்பு அம்மா. அவர் வேண்டாம் என்றால் வசந்தா இறங்கித்தான் ஆக வேண்டும், வேறு பேச்சே இல்லை. முதலாளி போனை என் பக்கம் நகர்த்தினார்.

"தப்புப் பண்ணது நீங்க. பேசுறதும் நீங்கதான் மேடம்."

மனதில் பத்துத் தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் எண்ணை அழுத்தினேன். அம்மாவின் குரலைக் கேட்டதும் ஒத்திகை எல்லாம் பறந்துபோனது. நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அன்பாகத்தான் பேசினார்.

"தோட்டத்து ஆக்களுக்கு வீடு வெச்சிருக்கத் தெரியாது ராஜேஸ்வரி. ஒனக்கு நான் சொல்லணுமா? நீ டவுன்ல வளந்த புள்ள."

பதினெட்டு வருடமாக இப்படிப்பட்ட இடங்களில் "ஆமாங்கம்மா" என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"நான் டயகமயில லயத்துல பொறந்தவங்கம்மா" என்றேன். "ஒங்க ரெண்டு வீட்டையும் இத்தன வருஷமா பாத்துக்கிறது நான்தான்."

முதலாளி ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"நீ சொன்னதே இல்லையே" என்றார் அம்மா கடைசியில்.

"நீங்க கேட்டதில்லைங்கம்மா. தோட்டத்து ஆட்கள் வேண்டாம்னு சொன்னீங்க. நான் எழுதிக்கிட்டேன்."

பிறகு அம்மா, அந்தப் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டார், சொன்னேன். எந்தப் பாடசாலை என்று கேட்டார், அதையும் சொன்னேன். ஆறு மாதம் பார்ப்போம், சுவரில் புகை படிந்தால் நான்தான் பொறுப்பு என்று சொல்லி வைத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து அவரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

போனை வைத்தேன். முதலாளி சுவரைப் பார்த்தபடியே, "போயி அந்தப் பொம்பளகிட்ட சொல்லிட்டு வா புள்ள" என்றார்.

மேல் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கொழும்பு அம்மா வேண்டாம் என்றால் இறங்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டு வந்திருந்ததால், காலையில் பிரித்த சாமான் எல்லாவற்றையும் திரும்ப மூட்டையாகக் கட்டி, அதற்கு மேல் வசந்தா உட்கார்ந்திருந்தார். மகள் புது வெள்ளை யூனிபோர்மைப் பிளாஸ்டிக் உறையோடு மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். திங்கட்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம். இருக்கலாம், ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொன்னேன். வசந்தா எழுந்து போய்க் காய்ந்த சுவரைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப ஒரு ஆணி அடிச்சுக்கலாமுங்களா?" என்றார். "இந்த உடுப்பத் தொங்கப்போடணும். தோட்டத்துல சொவத்துல கை வெக்கிறதுன்னா ஆபீசுல கேக்கணும். இங்க யாருகிட்டங்க கேக்கணும்?"

எழுத்தில் அனுமதி வாங்காமல் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

"எங்கிட்டதான் கேக்கணும். அடிங்க" என்றேன்.

ஆணி ஓட்டோவுக்குள் இருந்தது. சுத்தியல் இல்லை. வசந்தா மூட்டையைப் பிரித்து அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொழுந்து கிள்ளிய கைக்கு ஆணி அடித்துப் பழக்கமில்லை, அதனால் ஆணியை நான் பிடித்துக்கொண்டேன். முதல் அடி நேராக என் கட்டைவிரலில் விழுந்தது. நான் கத்திய கத்தலில் அவர் பயந்துபோய்க் குழவியைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ அக்கா, வேணாங்க, விட்டுருவோம்" என்றார். எனக்கு வலியில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மற்றக் கையால் ஆணியைப் பிடித்துக்கொண்டு, "விடாதீங்க. நல்லா அடிங்க" என்றேன்.